திரும்பிப் போகும் பஸ்ஸை முதலில் எழுதுங்கள்

டீச்சர், வணக்கம். உங்கள் கேள்வியை என் சொல்லில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். கோத்தகிரியில் பணி ஓய்வு பெற்றவர்கள் 18 பேர் சேர்ந்து, மாதம் ஒரு தடவை கூடி ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்வது என்று தொடங்கியிருக்கிறீர்கள். முதல் கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள், நாலாவதுக்கு 9 பேர், அந்த ஒன்பதிலும் இரண்டு பேர் உங்கள் வீட்டு ஆட்கள். அறிவிப்பை எப்படிப் போட்டால் ஆள் வரும், என்ன நிகழ்ச்சி வைத்தால் வந்தவர்கள் மறுபடி வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குன்னூரில் இதே வேலையை 9 வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் தபால் துறையில் 36 வருடம். எந்த ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, எத்தனை மணிக்கு பஸ், எந்த எஸ்டேட் லயனில் யாருக்கு வந்த கடிதத்தை யார் படித்துக் காட்டுவார்கள் என்பதெல்லாம் அந்த வேலையில் தானாகப் படிந்தது. கூட்டம் நடத்த எனக்குக் கை கொடுப்பது அதுதான், படித்த படிப்பு இல்லை.

65 வயதுக்கு மேல் தலைப்பைப் பார்த்து யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. திரும்பி எப்படி வந்து சேருவது என்று தெரிந்தால் கிளம்புவார்கள். மலையில் இது இன்னும் அதிகம். நாலரை மணிக்கு மேகம் இறங்கிவிடும், ஐந்தரைக்கு டீத்தோட்டத்து ஓரமாகக் காட்டுமாடு நிற்கும், கரடியைப் பற்றி உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லவே வேண்டாம். ஒரு அம்மா வீட்டில் உட்கார்ந்து உங்கள் அறிவிப்பைப் படிக்கிறார் என்றால், பேச்சு நன்றாக இருக்குமா என்பதா அவர் மனதில் ஓடுகிறது? "முடிந்து வெளியே வந்தால் பஸ் இருக்குமா, பஸ்ஸைவிட்டு இறங்கினால் வெளிச்சம் இருக்குமா, நடுவில் பாத்ரூம் போக வேண்டியிருந்தால் படி ஏறணுமா" இதுதான் ஓடுகிறது. இதற்கெல்லாம் பதில் இல்லாத அறிவிப்பு அவருக்கு அறிவிப்பே இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் முதல் நோட்டீஸ் நம் ஊர் வழக்கப்படி தயாரானது. மேலே திருக்குறள், கீழே "தலைமை", "முன்னிலை", "வரவேற்புரை", "வாழ்த்துரை", "நன்றியுரை" என்று 11 பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பட்டமும் பழைய பதவியும். யாரையும் விட்டுவிடக் கூடாதே என்ற பயம். நடுவில் எங்கோ பொடி எழுத்தில் அன்றைக்கு என்ன விஷயம் என்று ஒரு வரி. அதிலும் கிழமை ஒன்று, தேதி வேறொன்று, அது என் கைத் தவறு. செவ்வாய்க்கிழமை என்று நம்பிப் பாதிப் பேர் வந்தார்கள், தேதியை நம்பிய மீதிப் பேர் மறுநாள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்தவர்களில் இரண்டு பேர் அப்புறம் வரவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, முட்டி வலியோடு இரண்டு பஸ் மாறி வந்தவர்கள்.

இப்போது நாங்கள் எப்படி எழுதுகிறோம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன், நேரங்களை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"கரண்ட் பில்லை நாமே சரிபார்ப்பது எப்படி? மீட்டரை முன்னால் வைத்துக்கொண்டு காட்டித் தருகிறார், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர். மாதத்தின் இரண்டாவது செவ்வாய், காலை 11 முதல் 12.30 வரை. இடம் தரைத்தளம், படி இல்லை, கழிப்பறை அதே தளத்தில். சாய்மான நாற்காலி உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை, ஏற்றம் இல்லை. திரும்ப 12.50க்கும் 1.20க்கும் பஸ் இருக்கிறது. உங்கள் கடைசி கரண்ட் பில்லைக் கொண்டு வாருங்கள். டீயும் வர்க்கியும் உண்டு. நடப்பதற்குத் துணை வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லுங்கள்."

இவ்வளவுதான். தலைமை கிடையாது, முன்னிலை கிடையாது. சொல்லித் தருபவர் பெயரைக்கூட நோட்டீஸில் போடுவதில்லை, வருகிறவர்களுக்கு அவரை எப்படியும் தெரியும். இதனால் ஆரம்பத்தில் மனஸ்தாபம் வந்தது உண்மை. ஒரு பெரியவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது அவர்தான் எங்களுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறார்.

"கடைசி பில்லைக் கொண்டு வாருங்கள்" என்ற அந்த வரியைக் கவனியுங்கள். கையில் ஏதாவது கொண்டுவரச் சொன்னால் வருகிற எண்ணிக்கை கூடுகிறது. ஏன் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: சும்மா போய் உட்காரக் கூச்சப்படுகிறவர்கூட, கையில் பில் இருந்தால் ஒரு வேலையாகப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று மருமகள் கேட்டால் பதில் இருக்கிறது பாருங்கள்.

நோட்டீஸை எழுத்து பெரிதாக, ஒரே பக்கத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அடியுங்கள். வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது என்று அதில் அடித்து ஒட்டிவிடாதீர்கள், ஒரு பனிமூட்டம் வந்தால் எழுத்து வழிந்துவிடும். ஜெராக்ஸ் கடைப் பிரதி தாங்கும். ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம், இந்த மலையில் பிளாஸ்டிக்கை ஒழிக்க இத்தனை வருடம் பாடுபட்டிருக்கிறார்கள், தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிறது, நாமே போய் ஃப்ளெக்ஸ் கட்டினால் அசிங்கம். கூட்டத்தில் தண்ணீரும் சில்வர் டம்ளரில்தான்.

எங்கே ஒட்டுவது என்றால், நூலகத்தில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை, நூலகத்துக்கு வருகிறவர் எப்படியும் வந்துவிடுவார். மருந்துக் கடை, ரேஷன் கடை, பென்ஷன் எடுக்கிற வங்கி, பால் வாங்கும் இடம், அப்புறம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. வயதானவர் காத்து நிற்கிற இடம் எதுவோ அங்கே ஒட்டுங்கள். எங்கள் ஊரில் நன்றாக வேலை செய்தது மருந்துக் கடை. பி.பி. மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை எல்லோரும் வந்தாக வேண்டும், மாத்திரை எடுத்துத் தருகிற பையன் நோட்டீஸைக் கவரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவான். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், பள்ளிவாசலிலும் கேளுங்கள். படுகர் ஊர்களுக்குப் போய் ஊர்த் தலைவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை, பலனும் அதில்தான். தாளை மட்டும் அனுப்பினால் அது தாளாகவே கிடக்கும்.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. நோட்டீஸைப் படமாக அனுப்பாதீர்கள், அல்லது படத்தோடு கூடவே எழுத்தாகவும் அனுப்புங்கள். எழுத்து என்றால் போனில் பெரிதாக்கிப் படிக்கலாம், அப்படியே இன்னொருவருக்கும் அனுப்பலாம். கண்புரை இருப்பவர்களுக்கு 40 நொடியில் ஒரு குரல் பதிவு, அதே விஷயம், நிதானமாக. ரோஜாப்பூ காலை வணக்கங்களுக்குத் தனிக் குழு ஒன்று வைத்துவிட்டேன், இல்லையென்றால் நம் அறிவிப்பு பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களை மறக்காதீர்கள், எங்களிடம் அப்படி 14 பேர் இருக்கிறார்கள், முதல் நாள் மாலை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு போன் பண்ணிவிடுவார்கள். அந்தப் போனுக்காகவே சேர்ந்திருப்பவர்கள் உண்டு என்று எனக்குச் சந்தேகம்.

நாள். ஆடிக்கு ஒரு தரம், அமாவாசைக்கு ஒரு தரம் என்று வைத்தால் போச்சு. மாதத்தின் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்று இருந்தால் நோட்டீஸே இல்லாமல் பாதிப் பேர் வருவார்கள். சந்தை நாளில் வேண்டாம், பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவே நிற்க முடியாது. காலை 11 மணிதான் மலைக்குச் சரியான நேரம், அதற்குள் வெயில் வந்திருக்கும், வீட்டுச் சமையல் முடிந்திருக்கும். மார்கழி, தையில் உறைபனி விழுகிற நாட்களில் 10 மணிக்கு வைத்தால் யாரும் போர்வையைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

வருடத்தை மழையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் போடுகிற போடு நமக்குத் தெரியும், 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. ஆனால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஆபத்து ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பர் மண்சரிவை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் ஜூலை, ஆகஸ்ட்டில் உங்கள் ஊரில் கூட்டம் தாராளமாக நடத்தலாம், நவம்பரில் வெளியூர்ப் பேச்சாளரை நம்பிக் கூட்டம் போடாதீர்கள். மேயில் இன்னொரு தொல்லை. உங்கள் ஊர் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, ரோடு முழுக்க வெளியூர் வண்டி, நம் பஸ் ஒரு மணி நேரம் நிற்கும். நாங்கள் மேயில் பொதுக் கூட்டம் வைப்பதே இல்லை, அந்தந்தத் தெருவில் நாலைந்து பேர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடிக்கொள்வார்கள். கோவையிலிருந்து யாரையாவது அழைத்தால் அவர் காரில் வருகிறாரா என்று கேட்டு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள், 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது வேண்டும். ஒருவர் இதை மறந்து மலையடிவாரத்தில் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று எனக்குப் போன் செய்தார், நான் இங்கே 35 பேரை உட்கார வைத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எப்போதும் ஒரு "குடைப் பேச்சு" தயாராக வைத்திருக்கிறோம். மழைக்குக் குடை மாதிரி, பேச்சாளர் வராவிட்டால் எடுத்து விரிப்பதற்கு. நம் உறுப்பினர் ஒருவர், அரை மணி நேரம், அவருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் பேச வருகிற விஷயம். கொஞ்ச நாளில் நாங்கள் கண்டுபிடித்தது, குடைப் பேச்சுதான் அசல் பேச்சைவிட நன்றாக இருக்கிறது.

படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வாரத்தில் எதுவும் வைக்காதீர்கள் என்பதையும், சுற்று வட்டாரத்தில் ஒரு ஹட்டியில் சாவு விழுந்தால் அன்றைக்குக் கூட்டம் தானாக அடுத்த வாரத்துக்குப் போகும் என்பதையும் முதலிலேயே விதியாக எழுதிவிடுங்கள். யாரும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சரி, என்ன நிகழ்ச்சி வைப்பது? இங்கே கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகம் என்ற யோசனை பிரான்ஸில் துலூஸ் நகரில் 1973-ல் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் ஆரம்பித்தது. மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று பெயர்: படிக்கிற பருவம், சம்பாதிக்கிற பருவம், அதற்கு அப்புறம் வருவது மூன்றாவது. அங்கே பேராசிரியர்கள் பாடம் நடத்துவார்கள், முதியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இது 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோர் அதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பேராசிரியர் வேண்டாம், பரீட்சை வேண்டாம், பட்டம் வேண்டாம், சேர்ந்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லித் தரட்டும் என்றார்கள். இன்றைக்குச் சொல்லித் தருபவர் நாளைக்குக் கற்றுக்கொள்பவர்.

நமக்கு இந்த இரண்டாவது முறைதான் சரி. பல்கலைக்கழகம் கீழே கோவையில் இருக்கிறது, ஆனால் வேலை தெரிந்தவர்கள் இங்கே மேலேதான் ஓய்வில் உட்கார்ந்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், வெல்லிங்டனில் பட்டாளத்தில் இருந்தவர்கள், ஊட்டி பிலிம் ஃபாக்டரிக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், ஃபாக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீ மேக்கர்கள், கண்டக்டர்கள், வெறிநாய்க்கடிக்கு மருந்து என்று தொடங்கின பாஸ்டர் நிறுவனத்துக்காரர்கள். இவ்வளவு சின்ன மலையில் இத்தனை கைத்தொழில் கொட்டிக் கிடப்பது அபூர்வம். உங்கள் 18 பேரிடமும் ஒரு நோட்டைக் கொடுத்து, "எனக்குச் சொல்லித் தரத் தெரிந்தது ஒன்று, கற்றுக்கொள்ள ஆசைப்படுவது ஒன்று" என்று எழுதச் சொல்லுங்கள். பெண்கள் முதல் வரியைக் காலியாக விடுவார்கள். விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று எழுத மறுத்த ஒரு அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தவர்.

அந்த அம்மா சொல்லித் தந்த வகுப்பைத்தான் நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தொட்டியில் ஒரு டீச்செடியைக் கொண்டுவந்து வைத்து, இரண்டு இலை ஒரு மொட்டை எந்த இடத்தில் நகம் படாமல் ஒடிப்பது, கவ்வாத்து வெட்டிய செடி எத்தனை நாளில் எப்படித் துளிர்க்கும், முற்றின இலை கலந்துவிட்டதைக் கையில் அள்ளும்போதே எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒன்றரை மணி நேரம். அடுத்த மாதம் ஒரு டீ மேக்கர் அதே கொழுந்தைத் தொடர்ந்தார். நாலு, நாலரை கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஒரு கிலோ தூளாகிற கதை. மெஷினில் நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கின சி.டி.சி. தூளும், இலையை உருட்டித் தயாரித்த ஆர்த்தடாக்ஸ் தூளும் ஆறு கண்ணாடி டம்ளர்களில் வரிசையாக. குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தே எது எது என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. வாழ்நாள் முழுக்க டீத்தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் மலை ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் வந்தது, ஊட்டிக்கு 1908-ல் போனது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், 16 சுரங்கம், 208 வளைவு என்பதெல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது, அதைப் படிக்க ஒரு கூட்டம் எதற்கு? எஞ்சினில் வேலை பார்த்த ஒருவர் இரண்டு சீப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் இடைவெளி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு மத்தியில் இருக்கிற பல் பட்டை இப்படித்தான் இரட்டையாக இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும், அதனால்தான் வண்டி நழுவுவதில்லை, ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுவதும் இதற்குத்தான், பெட்டி கழன்றாலும் கீழே எஞ்சின் தாங்கும் என்றார். அந்த இரண்டு சீப்பும் இப்போது எங்கள் பீரோவில் இருக்கின்றன.

உங்கள் ஊரில் இருக்கிற பொக்கிஷத்தை நீங்கள் பயன்படுத்தினதாகத் தெரியவில்லை. கண்ணேரிமுக்கில் சல்லிவன் பங்களா. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதலில் தங்கினது உங்கள் கோத்தகிரிப் பக்கம்தான், ஊட்டி அதற்கு அப்புறம். இப்போது அது ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமுமாக இருக்கிறது. சுற்றுலாப் பயணி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு, இங்கிலீஷ் காய்கறி வருவதற்கு முன்னால் படுகர் வீடுகளில் என்ன விதைத்தார்கள், சாமையும் கோரளியும் எப்படிச் சமைத்தார்கள் என்று பேச வையுங்கள். முடிந்தால் கையோடு ஒரு பிடி தானியம் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அதே மாதிரி தாயகம் திரும்பியவர்கள். 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் இன்றைக்கு நம் வயதுக்காரர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினது, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தது, கையில் இருந்த தகரப் பெட்டியில் என்ன இருந்தது என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உண்டு. எங்களிடம் ஒருவர் பேசினார், நடுவில் நிறுத்திவிட்டார், அப்புறம் டீ குடித்துவிட்டுத் தொடர்ந்தார். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நேரம் குறிக்காதீர்கள், அன்றைக்கு வேறு எதுவும் வைக்காதீர்கள், கேட்காமல் போனில் பதிவும் செய்யாதீர்கள்.

எல்லாமே இப்படிக் கனமாக இருந்தாலும் தாங்காது. மூன்றில் ஒரு கூட்டம் உடனே வீட்டில் பயன்படுகிற மாதிரி வைக்கிறோம். கரண்ட் பில் சொன்னேன்: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் எப்படிக் கணக்கு ஏறுகிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி. வங்கியில் இருந்தவர் ஒருவர் போன் மோசடி பற்றிச் சொன்னார், போலீஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டுகிறார்களே, அந்த "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒரு சட்டமே கிடையாது, பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள் என்று. அன்றைக்கு மூன்று பேர் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள், மூவரும் வீட்டில்கூடச் சொல்லாதவர்கள். பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து நம் ஊரில் இருக்கிறது, ஆனாலும் நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, மஞ்சள் வைப்பது மட்டும் தெரிந்திருந்தது.

வருடத்திலேயே கூட்டம் அதிகம் வருகிற நாள் எது தெரியுமா? நவம்பர் உயிர்வாழ் சான்றிதழ் நாள், பென்ஷன் நிற்காமல் வர நாம் உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் கொடுக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். பி.எஃப். பென்ஷன் வாங்குகிற தோட்டத் தொழிலாளர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். இதைத் தெரியாமல் நவம்பரில் எல்லோரும் ஒரே வரிசையில் முண்டியடிக்கிறார்கள். ஆதார், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணை எண்), வங்கிக் கணக்கு எண், மொபைல் இவ்வளவும் இருந்தால் போதும், போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து செய்து தருவார். என் பழைய துறை என்பதால் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல வசதி. ஒரு சிக்கல்: காலமெல்லாம் கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கும், குளிரில் விரல் வறண்டு மெஷின் ஏற்காது. சூடான டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கச் சொல்லி முயன்று பார்ப்போம். அப்படியும் வராவிட்டால் முகத்தை வைத்துச் சரிபார்க்கிற வசதி 2021-லிருந்து இருக்கிறது, நல்ல வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தால் வந்துவிடும். எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் இந்த வேலைக்காக வந்து, டீ குடித்து, பக்கத்தில் இருந்தவரோடு பேசி, அப்படியே தங்கிவிட்டவர்கள்தான்.

பெண்கள் வருகை கூடினதற்கு நம் சாமர்த்தியம் காரணமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் மலைப்பகுதிக்கும் வந்த பிறகுதான் பல அம்மாக்கள் வீட்டில் யாரையும் காசு கேட்காமல் கிளம்ப முடிந்தது. அந்த பஸ் எது என்று நோட்டீஸில் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இடத்தைப் பற்றி: பள்ளி வகுப்பறை வேண்டாம், பெஞ்சில் சாய முடியாது. பெரிய மண்டபமும் வேண்டாம், மைக் சத்தம் சுவரில் மோதி ஒருவருக்கும் காதில் விழாது. 30 பேர் வட்டமாக உட்காரக்கூடிய அறை, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி. காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் அதுவும் போச்சு. சாவி யாரிடம் என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள், நான் சாரலில் 22 பேரோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவன்.

பணம் அதிகம் சேர்க்காதீர்கள். கூட்டத்துக்கு ஆளுக்கு 20 ரூபாய், டீக்கும் ஜெராக்ஸுக்கும், கணக்கு நோட்டு மேஜை மேலேயே கிடக்கும். சங்கமாகப் பதிவு செய்யச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் இருந்தால் பதியலாம், ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வந்ததும் சண்டையும் வரும், அதனால் ஒரு வருடம் ஓடட்டும், அதற்குள் விவரம் தெரிந்த ஒருவரிடம் சட்டம் என்ன கேட்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்சி, சாதி, மதப் பேச்சு உள்ளே கிடையாது. விற்பனையும் கிடையாது. ஒருமுறை உடல்நலப் பேச்சு என்று வந்தவர் முக்கால் மணி நேரம் முதுகுவலி பற்றி உருக்கமாகப் பேசிவிட்டுப் பையிலிருந்து காந்தப் படுக்கையின் விலைப் பட்டியலை எடுத்தார். இரண்டு பேர் அட்வான்ஸ் கொடுக்க எழுந்துவிட்டார்கள், உட்கார வைப்பதற்குள் எனக்கு முதுகு வலித்தது.

40 பேர் 9 ஆனதற்கு வருத்தப்படாதீர்கள். முதல் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் சேர்த்தி. வராமல் போன 31 பேரில் ஒரு பத்துப் பேருக்குப் போன் பண்ணி, ஏன் வரவில்லை என்று கேட்காமல், அன்றைக்கு எப்படி வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நோட்டீஸை எழுதுங்கள். அடித்து ஒட்டுவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், அந்த 12.50 பஸ் போன மாதத்திலிருந்து 12.30க்கே எடுக்கிறார்கள் என்றால் அவர்தான் சொல்வார்.